திரைக்கு இடப்புறம்

எஸ்றா திறந்து வைத்திருந்தது ஒரு பூனையைத்தான். கணக்கில் இரண்டு உருவங்கள் இருந்தன.

பூனை திரையின் அடிப்பட்டையில் உட்கார்ந்து முன்னங்காலை நக்கிக்கொண்டிருந்தது. திரையின் மேல் மூலையில் சோதனைக்காக அவன் ஒரு சிறிய கறுப்புக் கட்டம் வைத்திருந்தான். எந்தெந்த உருவம் உலவுகிறது, அது எங்கே நிற்கிறது என்று அதில் எண்கள் ஓடும். முதல் வரி பூனை. அதற்குக் கீழே இன்னொரு வரி. பெயர் இல்லை. எண் மட்டும். –3010.

திரையின் இடது விளிம்பு சுழியம். வலப்பக்கம் போகப் போக எண் கூடும். கழித்தல் குறி வந்தால் விளிம்புக்கு இடப்பக்கம். திரைக்கு வெளியே.

நிரலை மூடிவிட்டுத் திறந்தான். பூனை கொட்டாவி விட்டது. இரண்டாம் வரி போகவில்லை. கணினியையே அணைத்தான். சமாதானபுரத்தில் மாலை மூன்றாவது நாளாக மழைக்குள்ளேயே இருட்டிக்கொண்டிருந்தது. வெளித் தகரத்தில் தண்ணீர் விழும் சத்தமும், சாக்கடை நிறைந்து ஓடும் சத்தமும், எங்கோ ஒரு வீட்டில் மாலை ஜெபத்துக்குப் பாடத் தொடங்கி மழைக்குள் அமுங்கிப்போன குரல்களும், சுண்ணாம்புச் சுவர் ஈரத்தில் விடும் புளித்த வாசனையும் அறைக்குள் வந்து சேர்ந்திருந்தன. எல்லாவற்றையும் கேட்டபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு மறுபடி போட்டான்.

–3010.

அவன் வேலை பார்த்த நிறுவனம் கணினித் திரையில் துணைக்கு இருக்கும் பொம்மைகளைச் செய்து விற்றது. ஒருவர் கடிதம் அடித்துக்கொண்டிருந்தால் பூனை அந்தக் கடிதத்தின் மேல் விளிம்பில் நடக்கும். கிளி மூலையில் தூங்கும். உலகத்தில் எங்கெங்கோ தனியாக உட்கார்ந்திருப்பவர்கள் அவற்றுக்குப் பெயர் வைத்து, காலையில் வணக்கம் சொன்னார்கள். பொம்மைகளை எங்கே நிறுத்துவது என்று தீர்மானிக்கும் பகுதி எஸ்றா எழுதியது.

அதில் ஒரு பிழை இருந்தது. இரண்டு திரை வைத்திருப்பவர் ஒரு திரையைக் கழற்றினால், அதில் நின்ற பொம்மை மற்றத் திரைக்கு வந்துவிட வேண்டும். வராது. கழற்றிய திரையிலேயே நிற்கும். இல்லாத இடத்தில் நடக்கும், உட்காரும், தூங்கும். ஜூலை மாதம் வாடிக்கையாளர் ஒருவர் எழுதியிருந்தார்: பூனை கத்துவது கேட்கிறது, பூனையைக் காணவில்லை. அரிதாக நடப்பது, அவசரமில்லை என்று குறித்து எஸ்றா அதை ஒதுக்கி வைத்தான். இப்போது அதே புகார் நாலாபக்கமிருந்தும் வந்துவிட்டது. இந்த வாரத்துக்குள் சரிசெய்யச் சொல்லி மேலே இருந்து உத்தரவு.

அவன் மேசைக்கு இடப்பக்கம், கை எட்டும் தூரத்தில், சுவர். சுவருக்கும் இந்தத் திரைக்கும் நடுவில் முன்பு இன்னொரு திரை இருந்தது. அதைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டாயிற்று. அது நின்ற இடத்தில் மேசையின் மரம் மட்டும் கொஞ்சம் வெளுப்பாக இருந்தது.

கையால் அளந்து பார்த்தான். ஒரு திரையின் அகலம் எண்ணில் 1920, கையில் இரண்டரைச் சாண். விளிம்பிலிருந்து இடப்பக்கமாகச் சாண் வைத்துக்கொண்டே போனான். –3010 சுவரில் முடியவில்லை. சுவரின் கனத்தையும் தாண்டி, அந்தப் பக்கம் நாலு விரல் தள்ளிப் போனது.

அந்தப் பக்கம் அம்மாவின் தலையணை இருந்த இடம்.

எழுந்து போனான். அடக்கம் முடிந்த பிறகு அவன் அந்த அறைக்குள் போவது இதுதான் முதல் தடவை. இரும்புக் கட்டிலில் ரெக்சின் மெத்தை மட்டும் கிடந்தது. விளக்கைப் போட்டும் மூலைகள் இருட்டாகவே இருந்தன. டெட்டால், பவுடர், அதற்கு அடியில் நாள்பட்ட படுக்கையின் வாசனை. சுவரில் கை வைத்தான். ஈரம். மழைக்காலத்தில் எல்லாச் சுவரும் ஈரம்தான்.

அலமாரியில் வேதாகமத்துக்குப் பக்கத்தில், அம்மா ஆள் கூப்பிட அழுத்தும் பெல் இருந்தது. கோழிமுட்டை அளவு வெள்ளைப் பிளாஸ்டிக், நடுவில் சிவப்புப் பொத்தான். கட்டிலில் கிடப்பவர் கைக்கு எட்டாத உயரம். அவன் அக்கா பிரிஸில்லா மதுரையிலிருந்து வந்து இறங்கியதும் அதைப் பார்த்த இடம் இதுதான். பார்த்துவிட்டு, அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஏஜென்சி அனுப்பிய பொன்செல்வியைப் பிடித்து உலுக்கிய இடமும் இதுதான். ஊருக்கே அது தெரியும்.

பெல்லை அங்கே வைத்தவன் எஸ்றா.

போன் அடித்தது. பிரிஸில்லா.

"ஏலே, சாப்டியா?"

"சாப்டேன்க்கா."

"என்னத்த சாப்ட்ட?"

"தோசை."

"யாரு சுட்டா? உன் பூனையா?"

சிரித்தாள். உடனே நிறுத்திக்கொண்டாள். பின்னால் அவள் பிள்ளைகள் எதற்கோ அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"சனிக்கெழமை ஜெபக்கூட்டத்துக்கு வெள்ளிக்கெழமயே வந்துருதேன். சர்ச்சு அய்யர்ட்ட சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"அந்த ஏஜென்சிக்காரர்ட்டயும் பேசிட்டேன். தளவாய் அண்ணாச்சி. அந்தப் பிள்ளைய இனி ஒரு வீட்டுக்கும் அனுப்பக் கூடாதுன்னுட்டேன். பெல்ல எட்டாத எடத்துல வச்சிட்டுப் போயிருக்கா பாரு. அம்மாவுக்கு வாயும் வராது. பக்கத்து ரூம்ல நீ இருக்க. எப்படித் தவிச்சிருக்கும்ல, எஸ்றா?"

அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"லே, இருக்கியா?"

"இருக்கேன்க்கா."

"வீட்டுல இருந்தது நீதானாம், உன் வாயால கேக்கணுமாம் அவருக்கு. கூப்பிடுவாரு. சொல்லிரு என்ன?"

"சரிக்கா."

திரும்பி மேசைக்கு வந்தபோது பூனை தூங்கியிருந்தது. இரண்டாம் வரியில் எண் மாறியிருந்தது.

–1890.

அவன் சாண் வைத்து அளக்கவில்லை. தேவைப்படவில்லை. சுவருக்கு இந்தப் பக்கம்.

*

அவன் அம்மா சாலோமி டீச்சருக்குப் பக்கவாதம் வந்தபோது வலப்பக்கமும் பேச்சும் போயின. இடது கை மிஞ்சியது. எஸ்றா பெல் வாங்கி வந்தான். மாலையில் அவன் வெளிநாட்டுக்காரர்களோடு கூட்டத்தில் உட்கார்ந்தால் ஹெட்போனைக் கழற்ற முடியாது. வெளிச்சத்தம் எதையும் உள்ளே விடாத, விலை கூடிய ஹெட்போன். பெல் அடித்தால் அவனுக்குக் கேட்காது, கூட்டத்தில் இருப்பவர்களுக்குக் கேட்கும். பள்ளிக்கூடத்திலிருந்தா பேசுகிறீர்கள் என்று ஒருவன் கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள்.

அன்றைக்கே பெல்லின் சத்தத்தை எடுத்துவிட்டு அதைப் பொம்மையோடு இணைத்தான். பொம்மைக்கு அம்மாவையே வரைந்தான். நோய்க்கு முந்தைய அம்மா. நிமிர்ந்த நடை, கனத்த சட்டமிட்ட கண்ணாடி, நீலக்கரைச் சேலை, மடியில் திருத்த வேண்டிய நோட்டுகள். சும்மா இருக்கும்போது திரையின் ஓரத்தில் உட்கார்ந்து நோட்டுத் திருத்துவாள். பெல்லை அழுத்தினால் எழுந்து, கையைத் தூக்கி, திரையின் நடுவுக்கு நடந்து வருவாள். அவன் கூட்டத்தில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு எழுந்து போவான். அம்மாவைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்து அதைக் காட்டியபோது அவள் பாதி வாயால் சிரித்தாள்.

நன்றாகத்தான் வேலை செய்தது. சில மாலைகளில் அவள் ஒரு கூட்டத்துக்குள் நாலைந்து தடவை எழுந்து வந்தாள். தண்ணீர். போர்வை. சில நேரம் ஒன்றுமில்லை. அவன் முகத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வாள்.

அன்றும் மழை. ஆறு மணிக்குப் பொன்செல்வி கிளம்பிப் போனாள். அவள் போன கொஞ்ச நேரத்தில் மின்சாரம் போனது. பழைய இன்வெர்ட்டர், இரண்டு திரையைத் தாங்காது. எஸ்றா இடப்பக்கத் திரையின் கம்பிகளைப் பிடுங்கினான். அம்மா பொம்மை அந்தத் திரையில் உட்கார்ந்திருந்தது.

பிடுங்கிய பிறகு இந்தத் திரையில் அவளைக் காணவில்லை என்று கவனித்தான். கவனித்தான் என்பதை அவன் தனக்குள் ஒருபோதும் மறுத்ததில்லை. ஏன் காணவில்லை என்றும் தெரியும். நிரலை ஒரு தடவை மூடித் திறந்தால் வந்துவிடுவாள். கூட்டம் தொடங்கியிருந்தது. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தான். யாரும் கையைத் தூக்காத ஒரு திரை. மூன்று மணி நேரம் அது அவனுக்கு நிம்மதியாக இருந்தது.

கூட்டம் முடிந்து கஞ்சியைச் சூடாக்கி எடுத்துக்கொண்டு போனபோது அம்மா கட்டிலில் பாதி சரிந்து, முகம் சுவரை ஒட்டிக் கிடந்தாள். இடது மணிக்கட்டில் வெள்ளைத் துணியால் பெல் கட்டியிருந்தது. கட்டைவிரல் பொத்தானின் மேல் இருந்தது. அழுத்தி அழுத்தி நகத்தின் ஓரம் வெளுத்திருந்தது. கை குளிர்ந்துவிட்டது.

அவளைத் தூக்கிச் சரியாகக் கிடத்துவதற்கு முன்னால் அவன் அந்தத் துணியின் முடிச்சை அவிழ்த்தான்.

வந்த டாக்டர், தொண்டையில் அடைத்திருக்கிறது, அந்த நேரத்தில் யாராவது ஒருக்களித்துப் போட்டிருந்தால் என்று ஆரம்பித்து, எஸ்றாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். துணி அப்போது அவன் கால்சட்டைப் பையில் இருந்தது. பெல் அலமாரியில் இருந்தது. பொம்மையை அன்று இரவே அழித்துவிட்டான். படங்கள், அசைவுகள், பெயர், எல்லாவற்றையும்.

*

மறுநாள் பகல் முழுவதும் எண் அசையவில்லை. பிழையைச் சரிசெய்ய உட்கார்ந்தான். பெரிய வேலை இல்லை. இல்லாத இடத்தில் நிற்கும் உருவங்களைத் தேடிப் பிடித்து, இருக்கும் திரைக்குக் கொண்டுவரச் சொல்ல வேண்டும். நான்கு வரிதான். ஜூலையில் எழுதியிருந்தால் அரை மணி நேரம் ஆகியிருக்கும்.

எழுதினான். ஓடவிடவில்லை.

ஓடவிட்டால் இரண்டாம் வரியில் இருப்பது உள்ளே வந்துவிடும்.

மழை நின்றிருந்த ஒரு இடைவெளியில் வாசலில் யாரோ குடையைச் சுருக்கித் தரையில் தட்டும் சத்தம். பொன்செல்வி. சேலை முழங்கால்வரை நனைந்திருந்தது. உள்ளே வரச் சொன்னான். அவள் வாசற்படியிலேயே நின்றாள்.

"இல்லண்ணே. கால்ல எல்லாம் சேறு. தொடச்சி வச்ச வீடு."

வீடு துடைத்துப் பல நாள் ஆகியிருந்தது. இரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள்.

"ஏஜென்சில வரச் சொல்லலண்ணே. போன் போட்டா எடுக்க மாட்டேங்காவ. எங்கப்பாவுக்கு மாஞ்சோலை டீ எஸ்டேட்ட மூடி எறக்கி விட்டதுல இருந்து வேல இல்ல. சும்மா ஒக்காந்து சன்னல் வழியா மலையப் பாத்துக்கிட்டு கெடக்காரு. என் சம்பளத்துலதான் ஓடுது." சேலை ஓரத்தைப் பிழிந்துவிட்டாள். "மலை மேல இருக்கும்போது அட்ட கடிச்சாக்கூட எந்தக் கால்னு தெரியும்ணே. இங்க என்ன கடிச்சிச்சின்னே தெரியல."

அவன் கதவின் தாழைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"நான் கையிலதான்ணே கட்டுனேன். எடது கையில. டீச்சரம்மாவுக்கு வலது வராதுல்லா. பழைய வேட்டியக் கிழிச்சி, இறுக்காம, வெரல் நொழையிற மாதிரி. டெய்லி கட்டிட்டு ஒரு தரம் அமுத்திப் பாத்துட்டுதான் போவேன். கதவு வழியா எட்டிப் பாத்தா உங்க பொம்ம எந்திரிச்சி கையத் தூக்கும். அன்னைக்கும் தூக்கிச்சி. நீங்ககூட திரும்பிப் பாத்து, போயிட்டு வான்னு தலைய ஆட்டுனீய."

ஆட்டியிருந்தான்.

"அந்த முடிச்சு தானா அவுறாதுண்ணே. அவங்களால அவுக்கவும் முடியாது. ஒத்தக் கையில எப்படி அவுப்பாங்க? அதான் யோசிச்சிக்கிட்டே கெடக்கேன்."

அவள் கண்களில் குற்றச்சாட்டு இல்லை. உண்மையாகவே யோசித்துக்கொண்டிருந்தாள். அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

"நீங்க பாத்துருப்பீயல்லா. ஒரு வார்த்த தளவாய் அண்ணாச்சிட்ட சொன்னீயன்னா போதும். வேற ஒண்ணும் வேண்டாம்ணே."

"பாக்கலாம்" என்றான்.

"சொல்லுவீயளா?"

"பாக்கலாம்னேன்ல."

அவள் தலையாட்டினாள். குடையை விரித்தாள். படி இறங்கியவள் நின்று, உள்ளே எட்டிப் பார்ப்பது போலக் கழுத்தை நீட்டினாள்.

"அக்கா வந்துருக்காங்களாண்ணே?"

"இல்லையே. ஏன்?"

"ஒண்ணுமில்ல. உள்ள யாரோ நிக்க மாதிரி இருந்துச்சி." அவசரமாகப் போய்விட்டாள்.

கதவைத் தாழிட்டுவிட்டு வாசல் நடையிலேயே நின்றான். அங்கிருந்து மேசை தெரியும். திரையின் வெளிச்சம் தெரியும். திரைக்கு இடப்பக்கம், வெளுத்த மரத்துக்கு மேலே, வெளிச்சம் படாத ஒரு இடம் இருந்தது. மற்ற இடங்களைவிடக் கொஞ்சம் கூடுதல் இருட்டு. நின்று பார்த்தால் ஒன்றுமில்லை.

பவுடர் வாசனை.

–700.

*

ஆறு மணிக்கு மழை மறுபடி பிடித்தது. எஸ்றா எல்லா விளக்குகளையும் போட்டான். நாற்காலியை வலப்பக்கமாக நகர்த்திப் போட்டுக்கொண்டான். நான்கு வரியைத் திறந்தான்.

'கொண்டு வா' என்று இருந்த இடத்தில் 'அழி' என்று மாற்றினான்.

திரைக்கு வெளியே நிற்கும் எதுவும் அழிந்துவிடும். இப்படியே வாடிக்கையாளர்களுக்குப் போனால் அவர்களின் பூனைகளும் சேர்ந்து அழியும். நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம். இன்று ஒரு நாள் ஓடினால் போதும். சோதித்துப் பார்க்கப் பூனையைப் பிடித்து இழுத்து இடது விளிம்புக்கு வெளியே விட்டான். அது பாதி மறைந்து, வால் மறைந்து, போய்விட்டது. வெளியே எங்கிருந்தோ ஒரு தடவை கத்தியது.

போன் அடித்தது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு எடுத்தான். மழைச் சத்தம் சட்டென்று அறுந்தது.

"தம்பி, தளவாய் பேசுதேன். நல்லாருக்கியளா?"

"இருக்கேன் அண்ணாச்சி."

"கம்ப்யூட்டர்ல பூன மேய்க்குதியளாமே, அக்கா சொன்னாவ. நல்ல தொழில்தான் வே. புல்லு கட்ட வேண்டாம், சாணி அள்ள வேண்டாம்." அவரே சிரித்துக்கொண்டார். பிறகு குரல் மாறியது. "துக்க வீட்டுக்குப் போன் போட்டுத் தொந்தரவு பண்ணுதேன்னு நெனைக்காதிய. ஒரு பிள்ளையோட பொழப்பு. அதான்."

"சொல்லுங்க."

"அக்கா பெல்லு அலமாரில இருந்துச்சிங்காவ. அவ கையில கட்டுனேன்னு அழுதா. ரெண்டும் உண்மையா இருக்க முடியாதுல்லா? நான் இன்னைக்கி ஒரு வார்த்த சொல்லிட்டேன்னா மத்த ஏஜென்சிக்காரனும் எடுக்க மாட்டான். இந்த ஊருல ஒரு வீட்டுப் படி ஏற முடியாது அவளால. அதனால உங்க வாயால கேட்டுக்கிடுதேன். அம்மா கையில பெல்லு கட்டியிருந்துச்சா, இல்லையா?"

எண் ஓடத் தொடங்கியது.

–640. –600. –570.

நடக்கும் வேகம். ஒரு அடி. ஒரு நிறுத்தம். மறுபடி ஒரு அடி.

"தம்பி?"

–410.

கட்டியிருந்தது என்று சொல்ல ஒரு சொல் போதும். அந்தச் சொல் அவன் வாய்க்குள் இருந்தது. அதற்கு அடுத்து வரும் கேள்வியும் இருந்தது. அப்படியானால் பெல்லை அவிழ்த்தது யார்? அதற்கும் அடுத்த கேள்வி. பிரிஸில்லாவின் முகம்.

–190.

"இல்ல அண்ணாச்சி."

"கட்டல?"

"கட்டல."

"நீங்க உங்க கண்ணால பாத்தியளா?"

–40.

"பாத்தேன்" என்றான். நிரலை ஓடவிட்டான்.

முதல் வரி அழிந்தது. பூனை இல்லை.

இரண்டாம் வரி இருந்தது.

கழித்தல் குறி இல்லை.

"சரி. அவ மேலதான் தப்புன்னு வச்சிக்கிடுதேன் அப்ப" என்றார் தளவாய். பெருமூச்சு விட்டார். "நல்ல பிள்ளைன்னு நெனைச்சேன்."

திரையில் யாரும் இல்லை. வெறும் நீலம். எண் 30 என்றது. 60 என்றது. அந்த இடத்தைப் பார்த்தான். நீலம்.

மூன்றாவதாக ஒரு வரி வந்தது.

அதில் பெயர் இருந்தது. எஸ்றா.

அவன் அப்படி ஒரு பொம்மையை வரைந்ததில்லை. திரையின் நடுவில் ஒரு நாற்காலி. அதில் ஒருவன். பின்பக்கம் மட்டும் தெரிந்தது. வளைந்த முதுகு. சாயம் போன பச்சைச் சட்டை. காதுகளில் ஹெட்போன். அவன் எதையோ பார்த்துக்கொண்டிருந்தான். அசையவில்லை.

எஸ்றா தன் சட்டையைப் பார்த்தான்.

பச்சை.

இடது விளிம்பிலிருந்து அவள் வந்தாள்.

நீலக்கரைச் சேலை. கண்ணாடி. கையில் நோட்டு இல்லை. அவன் வரைந்த அம்மா நிமிர்ந்து நடப்பாள். இவள் வலது காலை இழுத்து நடந்தாள். வலது கை தொங்கியது. இடது கை தலைக்கு மேலே தூக்கியிருந்தது. அவனுக்குத் தெரியும் அந்தக் கை எவ்வளவு நேரமாகத் தூக்கியிருக்கிறது என்று.

ஒரு அடி. நிறுத்தம்.

ஒரு அடி.

எழ நினைத்தான். திரையில் இருந்தவன் எழவில்லை. இவனாலும் முடியவில்லை.

"தம்பி."

தளவாயின் குரல். தாழ்ந்த குரல், மரியாதையான குரல்.

"பக்கத்துல யாரோ ரொம்ப நேரமா பேசணும்னு பாக்காங்க போல. வயசானவங்க. பேச்சு சரியா வரல. மொதல்ல அவங்களுக்கு என்ன வேணும்னு கேளுங்க. நான் லைன்ல இருக்கேன்."

பக்கத்தில் யார் குரலும் அவனுக்குக் கேட்கவில்லை. வெளிச்சத்தம் எதையும் உள்ளே விடாத ஹெட்போன்.

திரையில் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள். தூக்கிய கையை இறக்கினாள். விரல்கள் அவன் காதை நோக்கி நீண்டன. தொட்டன.

எஸ்றாவின் இடது காதை அடைத்திருந்த ஹெட்போன் பஞ்சு மெல்ல விலகியது.

முதலில் மழை கேட்டது. பிறகு, மழையைவிடப் பக்கத்தில், குளிர்ந்த ஒரு மூச்சு. பாதி வாய் ஒரு சொல்லைத் தொடங்கியது. முடிக்க வரவில்லை. மறுபடி தொடங்கியது.